குலுக்கி நிரப்பிய டேங்க்

2024 பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை. காலை நாலு ஐம்பதுக்கு எழுந்தேன். ஐந்து மணிக்கு மனைவியை இடப்பக்கமாகத் திருப்பிப் படுக்க வைத்தேன். ஐந்தே காலுக்குப் பால் காய்ச்சினேன். ஐந்து இருபதுக்கு அவளுக்கு ஒரு மாத்திரை, அரை தம்ளர் பால். ஐந்தரைக்குக் கீழே இறங்கி வண்டியின் டயர்களில் காற்று பார்த்தேன். பிக்கப்புக்கு நான்கு, டிரெய்லருக்கு இரண்டு, ஆறும் சரியாக இருந்தன. கொக்கி மாட்டும் இடத்தில் கிரீஸ் வைத்தேன். பின்விளக்கின் ஒயரைச் செருகி, பிரேக்கை மிதித்துவிட்டு ஓடிவந்து விளக்கு எரிகிறதா என்று பார்த்தேன். ஒரே ஆளாக இதைச் செய்யப் பிரேக் மிதிமேல் ஒரு செங்கல்லை வைத்துக்கொள்ள வேண்டும் என்பதை ஆறாவது பயணத்தில் கண்டுபிடித்திருந்தேன். அன்று செங்கல்லைக் காணவில்லை. அதனால்தான் ஓட்டம்.

அது பத்தொன்பதாவது பயணம்.

கோச்சடையில் எங்கள் வீடு மாடி. என் மனைவிக்கு முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியில் கோளாறு. தொடக்கப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள், தினமும் இரண்டு பஸ் மாறிப் போய்வந்தவள். ஒரு நாள் பஸ் நிற்பதற்குள் இறங்கி, உட்கார்ந்த வாக்கில் விழுந்தாள். அறுவைசிகிச்சை செய்தார்கள். அதன்பிறகு என் தோளைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பாள். உட்கார முடியாது. ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் கால் மரத்து, அடுத்த இரண்டு நாள் படுக்கையில் துடிப்பாள். ஆகவே பஸ் இல்லை, ரயில் இல்லை, கார் இல்லை. படுத்தே இருந்தாள். படுத்தவளுக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் படுக்கையறையின் மேற்கூரையும் மூன்று இறக்கை ஃபேனும்தான். இரண்டு வருடம் அதையே பார்த்தாள். ஒரு நாள் கஞ்சி குடித்துக்கொண்டே, வேறு ஒரு கூரையைப் பார்க்க வேண்டும் என்று சொன்னாள். எந்தக் கூரை என்று கேட்டேன். எதுவானாலும் பரவாயில்லை, கடல் பக்கத்தில் இருந்தால் நல்லது, கடலைப் பார்க்கக்கூட வேண்டாம், அந்தச் சத்தத்தில் ஒரு ராத்திரி படுத்துக் கிடந்தால் போதும் என்றாள்.

நான் வாடிப்பட்டிப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஸ்டோர்ஸ் பொறுப்பில் இருக்கிறேன். இருபத்தாறு வருடம் ஆகிறது. நான் வேலைக்குப் போகும் பகலில் அவளைப் பார்த்துக்கொள்ள ஒரு அம்மா வருவார். பேரிங் முதல் பென்சில் வரை எது எந்த அலமாரியில் எத்தனை இருக்கிறது என்பது என் வேலை. ஒருவர் ஒன்றைக் கேட்டால் அதற்கான வழியை அளந்து, எடை போட்டு, எழுதிவைத்துத்தான் எனக்குச் செய்யத் தெரியும். அப்படித்தான் இதையும் ஆரம்பித்தேன்.

நான்கு கதவு வைத்த டீசல் பிக்கப் ஒன்றைப் பழையதாக வாங்கினேன். அதன் பின்சீட்டில் அவள் காலைக் கொஞ்சம் மடக்கிப் படுக்கலாம். ஓடும் டிரெய்லரில் ஆள் இருக்கக்கூடாது, அது சட்டமும் கிடையாது, பத்திரமும் கிடையாது. எனவே ஓடும்போது பின்சீட்டு, நின்ற இடத்தில் டிரெய்லர். டிரெய்லரைக் கோரிப்பாளையத்தில் வண்டிகளுக்குப் பாடி கட்டும் பட்டறையில் சொல்லிச் செய்தேன். பன்னிரண்டு அடி நீளம், ஆறரை அடி அகலம். உள்ளே இடுப்புயரத்தில் ஒரு படுக்கை, ஒரு கழிப்பறை, அறுபது லிட்டர் தண்ணீர்த் தொட்டி, படுக்கைக்கு நேர் மேலே கூரையில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி கண்ணாடி. கண்ணாடி அவள் கேட்டது. பட்டறைக்காரர் என் வயதுக்காரர், நான் வரைந்து கொண்டுபோன படத்தைப் பார்த்துவிட்டுத் தாடியைச் சொறிந்துகொண்டு சிரித்தார்.

"சார், நீங்க கேக்குறது டிரெய்லர் இல்ல. ஒரு செவுரு. செவுத்தக் கட்டிக் காத்துக்குள்ள இழுத்துட்டுப் போப்போறீங்க. டீசலு எம்புட்டுக் குடிக்கும்னு அப்புறம் எங்கிட்ட வந்து கேக்கப்படாது."

2022 அக்டோபரில் டிரெய்லர் வீட்டுக்கு வந்தது. எடைமேடையில் ஏற்றிப் பார்த்தேன். ஆயிரத்து நூற்று நாற்பது கிலோ.

பட்டறைக்காரர் சொன்னது சரிதான். டிரெய்லர் இல்லாமல் அந்த பிக்கப் லிட்டருக்குப் பன்னிரண்டரை கிலோமீட்டர் கொடுத்தது. டிரெய்லரோடு முதல் பயணத்தில் ஏழு புள்ளி ஒன்று. கிட்டத்தில் இருக்கும் கடலில் அலைச் சத்தம் கிடையாது, எனவே கன்னியாகுமரி. அங்கே போய்வர எங்கள் வீட்டிலிருந்து சுமார் நானூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர். டேங்கின் கொள்ளளவு ஐம்பத்தேழு லிட்டர். ஏழு புள்ளி ஒன்றில் நானூற்று நான்கு கிலோமீட்டரில் டேங்க் காலி. தெரியாத ஊரில், தெரியாத பங்க்கில் டீசல் போடுவதில் எனக்கு நம்பிக்கையில்லை. ஒரு முறை மில் வண்டியில் கலப்பட டீசல் போட்டு, நடுவழியில் நான்கு மணி நேரம் நின்றிருக்கிறேன். அவளைப் பின்சீட்டில் வைத்துக்கொண்டு அப்படி நிற்க முடியாது. ஒரே டேங்கில் போய்வர வேண்டும். அதற்கு லிட்டருக்கு ஒன்பது வேண்டும். ஒன்பதை ஐம்பத்தேழால் பெருக்கினால் ஐந்நூற்றுப் பதின்மூன்று, கையில் இருபத்துமூன்று மிச்சம்.

ஒன்பது வரட்டும், கடலுக்குப் போகலாம் என்று அவளிடம் சொன்னேன். சரி என்றாள்.

அன்றிலிருந்து பதினாறு மாதம் ஒன்பதைத் துரத்தினேன். அதற்கென்று ஒரு நோட்டுப் போட்டேன். தேதி, புறப்பட்ட நேரம், எடை, டயர் காற்று, வேகம், காற்றின் திசை, ஓடிய கிலோமீட்டர், நிரப்பிய லிட்டர், மைலேஜ். எழுபது வேகத்தில் ஓட்டினால் ஆறரைக்குக் கீழே இறங்கியது, ஐம்பத்தைந்தில் ஓட்டினால் எட்டைத் தொட்டது. எனவே ஐம்பத்தைந்து. ஆனிக் கடைசியில் மேற்குக் காற்று எழும்பியதும் ஏழுக்கு இறங்கியது. எனவே ஆடியில் பயணம் இல்லை. கூரைமேல் இருந்த ஏசி பெட்டியைக் கழற்றினேன். பட்டறையில் டிரெய்லரின் முன்பக்கத்துக்குப் படகு மூக்கு மாதிரி தகரத்தில் ஒரு முகம் செய்து மாட்டினேன், அதில் மட்டும் அரை கிலோமீட்டர் கூடியது. தண்ணீர்த் தொட்டியைக் காலியாகக் கொண்டுபோய், போன இடத்தில் நிரப்பிக்கொண்டேன். வேகம் குறைந்ததால் அவள் சீட்டில் படுத்திருக்கும் நேரம் கூடியது. ஏசி போனதால் உள்ளே வெந்தாள். எட்டு புள்ளி மூன்று, எட்டு புள்ளி நான்கு, எட்டு புள்ளி ஆறு.

இதில் அளவு சரியாக இருப்பதுதான் முக்கியம். மைலேஜ் பார்க்க ஒரே வழி டேங்கை முழுசாக நிரப்பி, ஓடிவிட்டு, மறுபடி முழுசாக நிரப்பி, இரண்டாவது முறை எத்தனை லிட்டர் பிடித்தது என்று பார்ப்பது. ஆனால் டீசல் நுரைக்கும். டேங்க் நிறைவதற்கு முன்பே நுரை ஏறி, டீசல் ஊற்றும் குழாயின் நாசில் தானாக நின்றுவிடும். உள்ளே மூலைகளில் காற்று அடைத்துக்கொண்டிருக்கும். நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர் ஓடிப் பதினைந்து லிட்டர் போடும்போது, அதில் ஒரு லிட்டர் கூடக்குறைய இருந்தால் கணக்கே பொய். இதற்கு நம் ஊரில் எல்லா லாரிக்காரரும் செய்யும் ஒரு வேலை உண்டு. வண்டியைக் குலுக்குவது. ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம் நின்று, கூரை விளிம்பைப் பிடித்து இடமும் வலமுமாகத் தள்ளினால், குபுகுபுவென்று காற்று வெளியேறி டீசல் இறங்கும். மறுபடி ஊற்ற வேண்டும். டேங்கின் கழுத்தில் டீசல் பளபளவென்று தெரியும்வரை இப்படி.

நான் பன்னிரண்டு குலுக்கல் என்று வரையறுத்திருந்தேன். எல்லா முறையும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா. ஒரே பங்க், ஒரே நாசில், முடிந்தவரை ஒரே ஆள். சமயநல்லூருக்கு முன்னால் இருக்கும் பங்க் அது. டீசல் நாசிலில் ஒரு பெண் வேலை பார்ப்பார். நாற்பது வயதிருக்கும், காக்கிக் கோட்டு, வாயில் எப்போதும் ஒரு பாக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் நாள் முழுக்க இருப்பார், மற்ற நாட்களில் காலை ஷிஃப்ட் மட்டும். எனக்குப் பயணம் ஞாயிற்றுக்கிழமை என்று ஆனதற்கு அதுவும் ஒரு காரணம். என்னைக் கண்டதுமே கையைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போய்த் தயாராக நிற்பார். மாமியார் வீட்டு விருந்து மாதிரி கழுத்துவரைக்கும் போடாமல் அண்ணன் விடமாட்டார் என்று பக்கத்து நாசில்காரரிடம் கேலி செய்வார். இன்றைக்கு எம்புட்டுக் கொடுத்தது வண்டி என்று ஒவ்வொரு முறையும் கேட்பார். எண்ணைச் சொன்னால் அவருக்கும் சந்தோஷம்.

அந்த ஞாயிறு ஆறு ஐந்துக்கு அங்கே நிரப்பினோம். இருட்டு முழுதாக விலகவில்லை. வழக்கம்போலப் பன்னிரண்டு. ஆறு பதினைந்துக்குப் புறப்பட்டோம். வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டு தாண்டி அறுபத்தாறாவது கிலோமீட்டரில் மனைவியின் தங்கை வீட்டுத் தென்னந்தோப்பு, எப்போதும் அங்கேதான் போய்த் திரும்புவோம். இரண்டு இடத்தில் நின்று, அவளை டிரெய்லருக்கு மாற்றி, அரைமணி படுக்க வைத்து, மறுபடி சீட்டுக்கு மாற்றினேன். காற்றே இல்லை. வேக முள் ஐம்பத்தைந்தைவிட்டு அசையவில்லை. இன்று வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

தோப்பில் டிரெய்லரைத் தென்னை நிழலில் நிறுத்தினேன். அவள் உள்ளே படுத்தாள். கூரைக் கண்ணாடி வழியாக மட்டைகள் அசைவது தெரிந்தது. தங்கை குழம்பு கொண்டுவந்து ஊட்டினாள். இரண்டு பேரும் பள்ளிக்கூட நாளைப் பற்றி ஏதோ பேசிச் சிரித்தார்கள். நான் வெளியே டயரைத் தொட்டுச் சூடு பார்த்துக்கொண்டிருந்தேன். மதியம் தங்கை வந்து, அக்கா இன்று ராத்திரி இங்கேயே இருக்கட்டுமே, வண்டியிலேயே படுத்துக்கொள்ளட்டும், நாளைக்குச் சாயந்திரம் போங்களேன் என்றாள். டிரெய்லருக்குள் என் மனைவி கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாள்.

நாளைக்கு மில்லில் ஸ்டாக் எடுக்க வேண்டும் என்று சொன்னேன். ஸ்டாக் எடுப்பது அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதிதான். திங்கட்கிழமை சாயந்திரம் அந்தப் பங்க்கில் அந்தப் பெண் இருக்கமாட்டார், வேறு கை குலுக்கினால் அளவு மாறும் என்பதுதான் என் மனதில் இருந்த காரணம். அதை இப்போதுதான் எழுதுகிறேன்.

இரண்டு மணிக்குத் திரும்பினோம். நான்கு ஐம்பதுக்குப் பங்க். நாசில் நின்ற இடத்தில் பதின்மூன்று லிட்டர் சொச்சம் காட்டியது. நான் டேங்க் பக்கம் நின்றேன். டேங்க் மூடி வண்டியின் இடது பின்பக்கம், அவள் தலை இருப்பது வலது பக்கம். அந்தப் பெண் வலது பக்கம் போனார். வழக்கமாகப் பின் ஜன்னல்களில் பச்சைத் துணியில் ஒரு திரை போட்டிருப்பேன், அவளைப் போகிறவர் வருகிறவர் பார்க்கக் கூடாது என்று. முந்தின நாள் அதில் மருந்து கொட்டிக் கறையாகிவிட்டதால் துவைக்கப் போட்டிருந்தேன். மறுபடி மாட்டவில்லை. சாயந்திர வெயில் நேராகக் கண்ணாடியில் விழுந்துகொண்டிருந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணினேன். ஐந்துக்கு நான் தள்ளினேன், அந்தப் பக்கமிருந்து பதில் தள்ளு வரவில்லை. வண்டி சாய்ந்து திரும்பியது. என்ன ஆயிற்று என்று கூரைக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். அவர் இரண்டு கையையும் வண்டியிலிருந்து எடுத்துவிட்டிருந்தார்.

"அண்ணே, குலுக்காதீக. உள்ள அக்கா துண்டக் கடிச்சுக்கிட்டுக் கெடக்காக."

சுற்றி ஓடினேன். கதவைத் திறந்தேன். பின்சீட்டுக் கதவுக்கு மேலே உள்ள கைப்பிடியில் ஒரு வெள்ளைத் துண்டு எப்போதும் கட்டியிருக்கும். வெயிலுக்கு முகம் துடைக்கக் கட்டிவைத்திருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். அதன் ஒரு நுனி அவள் கையில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. இன்னொரு நுனி வாயில். கண்ணை இறுக மூடியிருந்தாள். கதவு திறந்த சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். துண்டை வாயிலிருந்து எடுத்தாள். நெற்றி நனைந்திருந்தது. என் முகத்தைப் பார்த்தாள்.

"ஒம்பது வந்துருச்சாங்க?"

மீட்டரில் பதினான்கு புள்ளி ஆறு. ஓடியது நூற்று முப்பத்திரண்டு. வகுத்தால் ஒன்பது புள்ளி பூஜ்யம் நான்கு. ஆனால் பன்னிரண்டு குலுக்கலில் எட்டு பாக்கி. டேங்க் நிறையவில்லை. அந்த எட்டையும் குலுக்கியிருந்தால் இன்னும் ஏறக்குறைய ஒரு லிட்டர் இறங்கியிருக்கும். அப்போது எட்டரைதான் வரும். அந்த ஒன்பது பொய்.

"வந்துருச்சு," என்றேன்.

அவள் சிரித்தாள். பங்க் பெண் எங்கள் இரண்டு பேரையும் மாறிமாறிப் பார்த்தார். எம்புட்டுக் கொடுத்தது என்று அன்றைக்கு மட்டும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து அவளை மாடிக்கு ஏற்ற நாற்பது நிமிடம் ஆனது. மற்ற நாளில் இருபது. படியில் இரண்டு முறை நின்று என் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டாள். படுக்க வைத்த பிறகு கேட்டேன், எத்தனை நாளாக இப்படி என்று. எது எத்தனை நாளாக என்று அவள் என்னையே திருப்பிக் கேட்டாள். குலுக்கும்போது வலிப்பது என்றேன். ஆரம்பத்திலிருந்தே வலிக்கும் என்றாள், ஏதோ ஃபேன் சத்தம் போடும் என்பதுபோல. ஏன் என்னிடம் சொல்லவில்லை என்றேன். தலையணையைச் சரிசெய்யச் சொன்னாள். செய்தேன். பிறகு சொன்னாள்.

"அஞ்சு நிமிசந்தானங்க. பல்லக் கடிச்சா முடிஞ்சுரும். குலுக்குனாத்தான் கணக்கு சரியா வரும்னு சொன்னீக, கணக்கு வந்தாத்தான் கடலுன்னு சொன்னீக. நான் வேற சொல்லி, அதயும் கெடுக்கவா."

பிறகு கண்ணை மூடிக்கொண்டே, அப்படியானால் எந்தத் தேதியில் போகிறோம் என்று கேட்டாள். ஏழு மணி மாத்திரை வேலை செய்யத் தொடங்கியிருந்தது. நான் பதில் சொல்வதற்குள் தூங்கிவிட்டாள்.

இந்த இடத்தில் அவள் சிகிச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அறுவைசிகிச்சைக்குப் பிறகு மருத்துவர் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் விஷயம், இவரது இடுப்பு முறுக்கக் கூடாது என்பது. தோளும் இடுப்பும் ஒரே நேரத்தில், ஒரே மரக்கட்டையைப் புரட்டுவதுபோலத் திரும்ப வேண்டும். அடியில் ஒரு போர்வையைப் போட்டு, அதன் இரண்டு ஓரத்தையும் பிடித்துத் திருப்ப வேண்டும். மூன்றரை வருடமாக நான் வீட்டில் விழித்திருக்கும் நேரமெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அப்படித்தான் திருப்புகிறேன். ஒரு முறையும் முறுக்கியதில்லை. அதில் எனக்குப் பெருமைகூட உண்டு.

ஆனாலும் ஒரு வருடத்துக்கு மேலாக அவளுக்கு வலி கூடிக்கொண்டே வந்தது. திடீரென்று இரண்டு நாள், மூன்று நாள் துடிப்பாள், அப்புறம் அடங்கும். ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. நோயின் போக்கு அப்படி இருக்கலாம் என்றார் மருத்துவர். நானும் நம்பினேன், அவளும் நம்பினாள். போன நவம்பரில் மாத்திரையின் அளவைக் கூட்டினார். அதிலிருந்து பாதிப் பகல் தூங்குகிறாள், தம்ளரைப் பிடித்தால் கை நடுங்குகிறது. ஜனவரியில் போனபோது, இந்த வலி மார்ச்சுக்குள் அடங்காவிட்டால் மறுபடி அறுவைசிகிச்சை, அதுவரை ஒரு வழிக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓடும் பயணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதை நான் அவளிடம் சொல்லவில்லை. வலி எப்படியும் அடங்கும், அதற்குள் ஒன்பதும் வந்துவிடும் என்று இருந்தேன்.

அவளுடைய மாத்திரைகளுக்கு என்னிடம் வேறொரு நோட்டு உண்டு. எந்தத் தேதியில் எத்தனை மணிக்கு எந்த மாத்திரை, வழக்கத்துக்கு மேல் கொடுத்தது எத்தனை என்று எல்லாம் அதில் இருக்கிறது. அது படுக்கையறை அலமாரியில் இருக்கும். மைலேஜ் நோட்டு பிக்கப்பின் முன்பெட்டியில் இருக்கும்.

அன்று இரவு ஏழரை மணிக்கு இரண்டையும் சாப்பாட்டு மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன்.

மில்லில் ஒவ்வொரு சனிக்கிழமையும் அலமாரி அட்டையையும் லெட்ஜரையும் இப்படித்தான் பக்கத்தில் வைத்துச் சரிபார்ப்பேன். இருபத்தாறு வருடத்தில் ஒரு சனிக்கிழமை விட்டதில்லை. இந்த இரண்டு நோட்டையும் பதினாறு மாதத்தில் ஒரு முறைகூட ஒரே மேஜையில் வைத்ததில்லை.

மைலேஜ் நோட்டில் முதல் பயணம், ஒரு ஞாயிறு. மாத்திரை நோட்டில் அடுத்த திங்கள், செவ்வாய், கூடுதல் மாத்திரை. இரண்டாவது பயணம், அடுத்த மூன்று நாள். மூன்றாவது, இரண்டு நாள். விரலை வைத்துக் கீழே கீழே இறங்கினேன். ஆடி மாதத்தில் பயணம் இல்லை, மாத்திரை நோட்டில் கூடுதல் மாத்திரைக் கட்டம் அந்த மாதம் முழுக்க வெள்ளையாகக் கிடந்தது. அப்போது அவள் ஒரு நாள் பதினெட்டு அடி நடந்தாள், அதையும் எழுதிவைத்திருக்கிறேன். அக்டோபரில் மூன்று பயணம் போனோம், மூக்குத் தகரத்தைச் சோதிக்க. நவம்பரில் அளவைக் கூட்டினார்கள்.

எல்லாம் என் கையெழுத்து. அடித்தல் திருத்தல் இல்லை.

பத்தொன்பது பயணம், போகும்போது ஒன்று வரும்போது ஒன்றாக முப்பத்தெட்டு முறை நிரப்பியிருக்கிறேன். முப்பத்தேழு முறை பன்னிரண்டு, நானூற்று நாற்பத்து நான்கு. கடைசி முறை நான்கு. மொத்தம் நானூற்று நாற்பத்தெட்டு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை போர்வை போட்டுக் கட்டை மாதிரி திருப்பிய அதே கையால், நானூற்று நாற்பத்தெட்டு முறை அவளை முறுக்கியிருக்கிறேன். பயணத்தில் வலிக்காமல் இருக்க ஐம்பத்தைந்துக்கு மேல் போகவில்லை, பள்ளம் மேட்டில் உருட்டி உருட்டி இறக்கினேன் என்று அடுத்தவர்களிடம் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் உண்மை. நின்ற வண்டியில்தான் நடந்தது.

அவள் நோயில் எனக்கு எண்ண எதுவும் இல்லை. எத்தனை வலிக்கிறது என்றால் வலிக்கிறது என்பாள். நேற்றைக்கு இன்று எவ்வளவு தேவலை என்றால் தெரியவில்லை என்பாள். மைலேஜில் எண் இருந்தது. எட்டு புள்ளி மூன்று எட்டு புள்ளி நான்கு ஆனால் ஏதோ ஒன்று சரியாகிக்கொண்டிருக்கிறது என்று தோன்றும். அப்படித் தோன்ற எனக்கு வேறு எதுவும் இருக்கவில்லை. இனிக் குலுக்காமல் இருந்தால் வலி அடங்கிவிடுமா என்று மருத்துவரிடம் கேட்கலாம். கெட்டது கெட்டதுதானா, சரியாகுமா என்றும் கேட்கலாம். கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொல்லத்தான் போகிறேன். ஆனால் அவர் என்ன சொல்வார் என்பது எனக்கு ஓரளவு தெரியும். மார்ச்சுக்கு இன்னும் பதினெட்டு நாள்தான் இருந்தது.

மைலேஜ் நோட்டில் பத்தொன்பதாவது வரியில் தேதியும் நேரமும் எழுதியிருந்தது. கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தது. ஒன்பது என்று எழுத முடியாது. எட்டரை என்றும் எழுத முடியாது, அது அளக்காத எண். ஒன்றும் எழுதவில்லை. எட்டரைக்கு ஒருமுறை, பத்தரைக்கு ஒருமுறை அவளைத் திருப்பிப் படுக்க வைத்தேன். இரண்டாவது முறை அவள் தூக்கத்திலேயே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள், பிப்ரவரி 12, திங்கட்கிழமை. ஐந்து மணிக்கு அவளைத் திருப்பிவிட்டுப் பாலும் மாத்திரையும் கொடுத்தேன். அது என்றும் உள்ளது. அதை விட்டால் முதலில் செய்தது இது. டிரெய்லரைக் கழற்றிவிட்டு, பிக்கப்பை மட்டும் எடுத்துக்கொண்டு பங்க்குக்குப் போனேன். அந்தப் பெண் காலை ஷிஃப்டில் இருந்தார். அக்காவுக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டார். வண்டியை ஓரமாக நிறுத்தி, பின்சீட்டில் அவள் படுக்கிற மாதிரியே வலது பக்கம் தலைவைத்து, காலை மடக்கிப் படுத்தேன். வழக்கம்போலக் குலுக்கச் சொன்னேன். பன்னிரண்டு.

"என்னாண்ணே, டீசலு போடலையே," என்றார். வேண்டாம், சும்மா குலுக்குங்கள் என்றேன். பிறகு பக்கத்து நாசில்காரரைக் கூப்பிட்டு எதிர்ப்பக்கம் நிற்கச் சொன்னார்.

மூன்றாவதில் இடுப்பு சீட்டின் ஓரத்துக்கு வந்துவிட்டது. ஐந்தாவதில் அடியில் மடித்துப் போட்டிருந்த போர்வை விலகி, பெல்ட் கொக்கியின் இரும்பு முதுகெலும்பில் குத்தியது. எனக்கு நல்ல முதுகு. ஏழாவதில் என் கை தானாக மேலே போய் அந்த வெள்ளைத் துண்டைப் பிடித்துக்கொண்டது.